சமயபுரத்துக்கு நேர்ந்த முடியும் என் வீட்டுக்காரர் தலைக் கட்டியும்

கோயில், அருவி என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிப் பயணத்தை எழுதுவேன் என்று நினைக்கவில்லை. போன தை மாதம் தொட்டியத்திலிருந்து திருச்சிக்குப் போனோம். வாழைத்தார் வியாபாரம் செய்யும் என் வீட்டுக்காரருக்கு லாரிக் கதவில் தலை இடித்த பிறகு, வலது காதுக்கு மேலே பாதி எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. ஊரில் எல்லாரும் கொழுப்புக் கட்டி என்றார்கள். கொழுப்பு துடிக்குமா? காதுக்குள் எந்நேரமும் ‘விஸ் விஸ்’ என்று சத்தம் வேறு. அது கேட்காமலிருக்க மார்கழியிலும் ஃபேனை முழு வேகத்தில் வைத்துத் தூங்குவார். நான் போர்வைக்குள் சுருண்டு கிடப்பேன்.

காலை ஆறு மணி பஸ். முசிறி, குணசீலம் வழியாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வழியில், சமயபுரத்துக்குப் பிரியும் நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கலாம் என்று அடம்பிடித்தார். கட்டி சரியாக வேண்டும் என்று சமயபுரம் அம்மனுக்கு முடி நேர்ந்திருந்தார். முதலில் மொட்டை, பிறகுதான் டாக்டர் என்பது அவர் கட்சி. டோக்கன் தவறிவிடும் என்று அதட்டி உட்காரவைத்தேன்.

டாக்டரம்மா கட்டியில் விரலை வைத்துப் பார்த்தார், பிறகு ஸ்டெதாஸ்கோப்பை. ஸ்கேனும், சாய ஊசி போட்டு எடுத்த சிடி படமும் வந்தபின் விளக்கினார். தமனியும் சிரையும் நேராக இணைந்து, ரத்தக்குழாய்கள் வீங்கிச் சுருண்டு கிடக்கின்றனவாம். புற்று இல்லை. ஆனால் பிளேடு பட்டால் ரத்தத்தை நிறுத்துவது கஷ்டம். டோல்கேட்டில் இறங்கி மொட்டைக் கத்திக்குத் தலையைக் கொடுக்காமல் போனதற்கு, அந்த அம்மனுக்கே மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஆபரேஷனுக்கு முடியெடுக்க வேண்டும் என்றதும் இவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அது அம்மனுடைய முடி, இங்கே தரமாட்டாராம். எனக்கு வந்த கோபம் டாக்டரம்மாவுக்கு வரவில்லை.

“மெஷின்ல பதமா எடுத்து, மஞ்சத் துணியில கட்டித் தரச் சொல்றேங்க. அம்மனுக்கு முடியத்தான நேர்ந்தீங்க, உயிரை இல்லையே?”

இவர் தலையிலிருந்து கையை எடுத்தார்.

தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, பசை போன்ற மருந்தால் ரத்த ஓட்டத்தை அடைத்தார்கள். மறுநாள் கட்டியை எடுத்தார்கள். மஞ்சள் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“ஏம்மா, கரண்ட் போயிடுச்சா? சத்தமே இல்லையே.”

தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றுபோனது அவர் காதுக்குள் கேட்ட ‘விஸ் விஸ்’. நான் அழுதுவிட்டேன்.

தையல் பிரிக்கும்வரை ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் லாட்ஜில் தங்கினோம். ஏகாதசி சமயம் போகிறவர்கள் அறையை முன்பே சொல்லிவையுங்கள். காப்பீட்டு அட்டையை முதல் நாளே காட்டுங்கள். தலையில் துடிக்கும் கட்டி இருந்தால், படம் எடுத்துப் பார்க்காமல் யாரையும் அதில் கத்தி வைக்க விடாதீர்கள். மஞ்சள் முடிச்சைத் திரும்பும் வழியில் சமயபுரத்தில் சேர்த்துவிட்டோம்.

இப்போது வீட்டில் ஃபேன் மெதுவாக ஓடுகிறது. அதனால் அவருடைய குறட்டை எனக்கு முழுசாகக் கேட்கிறது. கேட்கட்டும்.