தியென்சி இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை

கே சூச்சின் எதையும் மனதில் பூட்டி வைக்கிற ரகம் இல்லை. சீனாவின் சுவான்ஜோ கடற்கரையில் பதினாறு வயதிலிருந்து சிப்பி உடைக்கிறாள். கத்தி ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். படகோட்டிப் புருஷன் ஹோங் தியென்சி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். அதற்காகப் பேச்சு நின்றுவிடுமா? கூரை மாற்றினாலும் ஸ்கூட்டர் வாங்கினாலும் ஊதுபத்தி ஏற்றி அவர் படத்திடம் ஒப்பித்துவிடுவாள்.

இந்த வருஷம் மட்டும் ஒரு சங்கதியை மூன்று மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். படகு மோட்டார் ரிப்பேர் செய்யும் லியன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். அவளுக்கும் ஆசைதான். ஆனால் தியென்சியிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அதுவும் நாத்தனார் பிஹுவா பக்கத்தில் நிற்கும்போது?

திதி நாள் வந்தது. படத்துக்கு முன்னால் இஞ்சி வாத்து, சிப்பி ஆம்லெட், அரிசி நூடுல்ஸ், ஒரு கிண்ணம் மது. ஊதுபத்தி பாதி எரிந்ததும் சூச்சின் இரண்டு நாணயங்களைத் தட்டில் போட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள்.

நாணயத்தின் ஒரு பக்கம் பூ, மறுபக்கம் எண். ஒன்று பூவும் ஒன்று எண்ணுமாக விழுந்தால் ஆச்சு, இரண்டும் பூவானால் இல்லை, இரண்டும் எண்ணானால் அவர் சிரிக்கிறார் என்று அர்த்தம். இரண்டும் பூவாக விழுந்தன. அவர் முடிக்காமல் வீட்டில் யாரும் ஒரு வாய் வைக்க முடியாது.

பத்து நிமிஷம் கழித்துப் போட்டாள். இல்லை. மிளகுத்தூள் வைத்துப் பார்த்தாள். இல்லை. மதுவை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அப்போதும் இல்லை.

"உசுரோட இருந்தப்ப அண்ணன் நின்னுக்கிட்டே தின்னுட்டுப் படகுக்கு ஓடுவாரு," என்றாள் பிஹுவா, வயிற்றைத் தடவிக்கொண்டு. "இப்ப என்ன இவ்வளவு சாவகாசம்? அண்ணி, நீங்க எதையோ விட்டுட்டீங்க."

விட்டது எது என்று சூச்சினுக்குத் தெரியும். கடைசியில் படத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"என்னங்க, லியன் என்னைக் கட்டிக்கிறேங்கறாரு. நல்ல மனுஷன். தனியா உக்காந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கும் அலுத்துப்போச்சு. உங்களுக்குச் சம்மதமா?"

இரண்டும் எண்ணாக விழுந்தன.

"சிரிக்கிறாரு," என்றாள் பிஹுவா. "சிரிக்காம என்ன செய்வாரு? ஊரே பேசுது. அவருகிட்ட மட்டும்தான் நீங்க சொல்லல."

"உனக்கும் தெரியுமா?"

"உங்ககிட்ட இப்ப படகே கிடையாது. அந்த மனுஷன் வாரத்துக்கு மூணு தடவை டூல்ஸ் பையோட வந்து என்னத்தை ரிப்பேர் பண்றாரு? திரும்பப் போடுங்க."

மறுபடி போட்டாள். ஒன்று பூ, ஒன்று எண். சூச்சினுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுப் போட்டாள். ஆச்சு.

வாசலில் அண்ணனுக்கான காகிதப் பணத்தை எரித்துவிட்டு வந்து, பிஹுவா முதல் வேலையாக வாத்தின் ஒரு தொடையை டிபன் பாக்ஸில் வைத்து மூடினாள்.

"இது லியனுக்கு. அடுத்த வருஷம் அண்ணனுக்கு அவருதான் மது ஊத்தணும்னு சொல்லிடுங்க. அண்ணன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவரும் நம்மகூடப் பட்டினியா காத்திருக்கட்டும்."