டிராக்டரை ஓட்டியது யார்?

அன்று டிராக்டரில் தம்பிக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். நெல் மூட்டைகளோடு உத்திரமேரூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். தம்பிக்குப் பத்தொன்பது வயது. லைசென்ஸ் கிடையாது. வண்டிக்கு இன்ஷூரன்ஸும் கட்டியிருக்கவில்லை. ஏரிக்கரைத் திருப்பத்தில், எதிரே சைக்கிளில் வந்தவர்மேல் மோதிவிட்டான். அவர் அங்கேயே இறந்துபோனார்.

போலீஸ் வருவதற்குள் அப்பா, எங்கள் டிரைவர் ஏழுமலையை அழைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"உங்கிட்ட லைசென்ஸ் கீது. நீ ஓட்டினேன்னு சொல்லிடு. உன் குடும்பத்த நான் பாத்துக்கறேன்."

ஏழுமலை தலையாட்டினார். பின்னாலேயே வந்த அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ நாளு உள்ள வெப்பாங்கம்மா?" என்று கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் என்னை விசாரித்தபோது, "தம்பிதான் சார் ஓட்டினான்" என்று சொல்லிவிட்டேன்.

தம்பிக்கு ஓராண்டு சிறை. இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இன்ஷூரன்ஸ் இல்லாததால் ஏரிப்பாசன நிலத்தை விற்றுத்தான் கொடுத்தோம். அப்பா கடைசிவரை என்னோடு பேசவில்லை.

விடுதலையான அன்று தம்பி நேராக, நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு வந்தான். பாதியாக இளைத்திருந்தான்.

"உம்மேல கோவம் இல்லக்கா. உள்ள இருந்துட்டு வந்தா தூக்கம் வந்துடும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"வருதாடா?"

"இல்லக்கா."

நான் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவனுக்குச் சொல்ல அன்றைக்கும் என்னிடம் ஆறுதல் இல்லை, இன்றைக்கும் இல்லை.