கடைசியாகக் கொடுத்த காபி

ஏரிக்கரை மீனவ ஊரான பசியாவரத்தில் இந்திராணி வீட்டுக் காபி என்றால் தனி மவுசு. தூள் ஒன்றும் விசேஷமில்லை, பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் அதே ப்ரூ பாக்கெட்தான். ஏரியிலிருந்து ஈரக்காலோடு ஏறிவருகிறவர்களுக்கு ஒரு குண்டான் பாலைக் கொதிக்கவிட்டு, பாக்கெட்டுகளைக் கிழித்துக் கொட்டி, நுரை வர ஆற்றி, எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் டம்ளரைத் திணித்துவிடுவாள். யாரையும் காக்கவைக்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது.

அந்தக் காபிக்கு முதல் அடிமை அவள் புருஷன் தருமலிங்கத்தின் அண்ணன் மாரி. அடுத்த தெருவிலிருந்து விடிந்ததும் வந்துவிடுவார். அந்த வரவு பாடு விஷயத்தில் நின்றுபோனது. ஏரியில் வலை போடும் இடத்துக்கு முறை உண்டு. அதைத்தான் பாடு என்பார்கள். மாரி காய்ச்சலில் கிடந்தபோது அவர் முறையில் தம்பி போய் வலை போட்டுவிட்டான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

மகள் நந்தினிக்கு மாப்பிள்ளை அமைந்ததும், பெரியப்பா இல்லாமல் தாம்பூலத்தட்டை யார் மாற்றுவது என்று இந்திராணிக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி, சமாதானம் பேச மாரியை வீட்டுக்கு அழைத்துவர வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து நந்தினி சென்னையிலிருந்து ஒரு காபி மெஷினைக் கொண்டுவந்திருந்தாள். ஒருத்தருக்கு அளந்து அடைத்த தூள், விரல் நீளக் குப்பியில் இருக்கும். குப்பியை மெஷினுக்குள் போட்டுப் பொத்தானை அமுக்கினால் ஒரு காபி. பெருமை தலைக்கேறி, இந்திராணி குண்டானைக் கவிழ்த்துவைத்தாள். அன்றைக்கு அவள் செய்த முதல் தப்பு அது.

குண்டான் காபியில் முதல் ஆள், கடைசி ஆள் என்று யாரும் இல்லை. மெஷினோ ஒவ்வொன்றாகத்தான் தரும். வெளியாளுக்கு முதலில், சொந்த ரத்தத்துக்குக் கடைசியில் என்பது அந்த வீட்டு வழக்கம். மாரியை அவள் வெளியாளாக நினைக்கவே இல்லை. பெரியவர்கள் குடித்தார்கள், கூட வந்தவர்கள் குடித்தார்கள், மெஷினை வேடிக்கை பார்க்க வந்தவர்களும் குடித்தார்கள். மாரி வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் போட நினைத்தபோது குப்பி தீர்ந்திருந்தது.

இந்திராணி கலங்கவில்லை, உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டாள். அவருக்குப் பிடித்ததுதானே, தன் கையாலேயே போட்டுவிடலாம் என்று ப்ரூவைக் கலந்து, சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டுக் கொண்டுபோய் நீட்டினாள்.

மாரி டம்ளரைப் பார்த்தார். மற்றவர்கள் கையில் இருந்ததையும் பார்த்தார்.

"எல்லாருக்கும் அது. எனக்கு மட்டும் பாக்கெட்டா?"

"இன்னா மாமா, நீங்க நம்ம ஆளுன்னு..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தருமலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னாலேயே ஓடியிருக்கலாம். மறுநாள் போய் விளக்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்திராணிக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆசையாகப் போட்டதைத் தொடாமல் போனவர் தானாக வரட்டும் என்று இருந்துவிட்டாள். நிச்சயத்தன்று வேறொரு பங்காளி தட்டை மாற்றினார். மழைக்காலத்தில் மாரி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

சாவு வீட்டில் அவர் மனைவி பச்சையம்மா இந்திராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமில்லாத அந்தக் குரல்தான் இந்திராணியால் தாங்க முடியாததாக இருந்தது.

"அன்னைக்கு வூட்டுக்கு வந்து இன்னா சொன்னாரு தெரியுமா? 'அவசரப்பட்டு வந்துட்டேன்டீ, அது எனக்குன்னு போட்ட காபி'ன்னாரு. நீ இன்னொரு தபா கூப்புடுவேன்னு தெனம் காலையில சட்டைய மாட்டிக்கினு குந்தினு இருந்தாரு."

கூப்பிடத்தான் இருந்தேன் அக்கா என்று சொல்ல இந்திராணி வாயெடுத்தாள். சொல்லவில்லை. அது பொய்.