மிலேவாவின் கூரை

காலை ஆறு மணிக்கு மிலேவா தன் வீட்டின் தலைமேல் ஏறித் தூசி தட்டிக்கொண்டிருப்பார். ஏணி வேண்டியதில்லை, குன்றைச் சுற்றி நடந்தால் போதும். ஓப்பல் என்னும் ரத்தினக்கல் தோண்டும் எங்கள் ஆஸ்திரேலியப் பாலைவன ஊரில் பாதிப் பேருக்கு வீடு மண்ணுக்கு அடியில்தான். குன்றின் உச்சியில் பதினெட்டு சூரியத் தகடுகள் சாய்ந்து நிற்கின்றன. தண்ணீருக்கு இங்கே பஞ்சம். அதனால் கணவர் ராதோவனின் பழைய கம்பளிச் சட்டையை ஒரு கோலில் கட்டி, ஒவ்வொரு தகடாகத் துடைப்பார். முடித்ததும், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாயைக் கோலால் இரண்டு தட்டு தட்டுவார். கீழே சமையலறையில் ராதோவன் கரண்டியால் இரண்டு தட்டு பதில் தட்டுவார். அது கேட்ட பிறகுதான் இறங்குவார்.

வயது அறுபத்தெட்டு. இருபது வயதில் செர்பியாவிலிருந்து வந்து, சுரங்கக்காரர்கள் கொட்டிய கழிவு மேடுகளைக் கிளறி ஓப்பல் பொறுக்கியவர். கையும் காலும் சிறிசு, வாய் மட்டும் நீளம். அந்த வாயின் திட்டில் பாதிக்கு மேல் சூரியனுக்குத்தான் போகும். “பாரு தபாலு,” என்பார் என்னிடம். தபால் அலுவலகத்தில் இருப்பதால் எனக்கு அதுதான் பெயர். “இவனுக்குப் பயந்துதானே நாப்பது வருஷமா பொந்துக்குள்ள குடித்தனம் பண்றோம். இப்ப இவன் மூஞ்சி பாக்கறதுக்கு நான் தெனம் கண்ணாடி தொடைச்சு வெக்கறேன்.” திட்டும்போதுகூட அண்ணாந்து பார்க்க மாட்டார். ஆண்கள் போடும் பெரிய தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் திட்டுவார்.

ராதோவனின் நெஞ்சில் முப்பது வருடத்துச் சுரங்கத் தூசி. பிராணவாயு இயந்திரம் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. கோடையில் ஊர் மின்சாரம் சொல்லாமல் போகும். மாற்றுக்கு வைத்திருக்கும் பிராணவாயு உருளை இரண்டு மணி நேரம்தான் தாங்கும். தகடுகள் இல்லாத அந்த நாட்களில்தான் மாநில அரசு, வீட்டில் சூரிய மின்சாரமும் பேட்டரியும் வைத்துக்கொள்பவர்களுக்குப் பாதிச் செலவைத் தருவதாக அறிவித்தது. ஜூன் மாதம் வரைக்கும்தான் அந்தச் சலுகை.

விண்ணப்பத்தை நிரப்பியது நான். கூரை ஓடா, தகரமா, எந்தத் திசை பார்க்கிறது என்று கேட்டிருந்தார்கள். பெரிய புத்திசாலி மாதிரி, ‘கூரை இல்லை’ என்று எழுதினேன். கூரை இல்லாத வீட்டுக்கு உதவி இல்லை என்று பதில் வந்தது. புகைப்படம் எடுத்து மறுபடி அனுப்பினோம். படத்தில் வீட்டைக் காணவில்லை என்று அதுவும் திரும்பியது. மிலேவா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாளிலிருந்து பதினொரு நாள், காலை ஒன்பது அடித்ததும் என் மேசைத் தொலைபேசியில் மாநிலத் தலைநகர் அடிலெய்டுக்குப் பேசினார். தொல்லை தாங்காமல், மே மாதக் கடைசியில் டேரன் என்று ஓர் இளம் அதிகாரியை அனுப்பினார்கள். அவர் மொட்டைக் குன்றின் மேல் நின்று நாலா பக்கமும் பார்த்தார். பாவம், நல்ல மனிதர். “ஆள் குடியிருக்கிற வீட்டோட கூரையா இருக்கணும்மா. இது வெறும் மலையால்ல இருக்கு?” என்றார்.

மிலேவா கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தார். குழாயை இரண்டு தட்டு தட்டினார். டேரனின் காலடியிலிருந்து இரண்டு தட்டு வந்தது. பிறகு ராதோவனின் குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி வாங்கி மேலே ஏறி வந்தது: “காப்பி... ஆறுது. அந்தப் புள்ளையையும்... கூட்டிட்டு வா.”

யாருடைய தலையையோ மிதித்துவிட்டவர் போல டேரன் சட்டென்று ஒரு காலைத் தூக்கினார். அப்புறம் மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தார். இயந்திரம் இழுத்து இழுத்து விடும் சத்தம் கேட்டிருக்க வேண்டும், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக இதே குன்றுகளின் மேல் நடக்கிறேன். எத்தனை பேர் உயிரின் மேல் நடக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது. கூரை என்ற கட்டத்தில் டேரன் தன் கையாலேயே எழுதினார்: ‘மணற்கல். நான்கு மீட்டர் கனம். வடக்குப் பார்த்தது.’

தகடுகள் ஏறிய பின் வந்த முதல் கோடை அது. போன ஜனவரியில் ஒரு நண்பகல், நாற்பத்தேழு டிகிரி வெயிலில் ஊர் மின்சாரம் போய்விட்டது. தபால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஓடினேன். எனக்கு முன்னே மிலேவா உச்சியில் நின்றிருந்தார். காலையில் புழுதிக்காற்று அடித்திருந்ததால் இரண்டாம் முறை துடைக்க ஏறியிருக்கிறார். குழாயைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார்.

கீழேயிருந்து நிதானமாக இரண்டு தட்டு வந்தது. அதற்கும் அடியில், நிற்காமல் ஓடும் இயந்திரத்தின் சத்தம்.

மிலேவா தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கண்ணைச் சுருக்கி, மேலே சூரியனை அண்ணாந்து பார்த்து, லேசாகத் தலை தாழ்த்தினார்.