சட்டையில் விழுந்த பால்

பிள்ளைகளே, எங்கள் மகள் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் முகத்திலும் வயிற்றிலும் செம்புள்ளிகள் வந்துவிட்டன. குடித்த பாலையும் கக்கினாள். பயந்துபோய் நானும் மனைவியும் அவளைத் தூக்கிக்கொண்டு சுரண்டையில் தென்காசி பஸ் ஏறினோம்.

பக்கத்தில் இருந்தவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்தவர். ஒரு கல்யாண வீட்டுக்குப் போகப் போட்ட வெள்ளைச் சட்டை, அத்தர் மணம். பேசும்போதெல்லாம் போனைப் பிடித்திருப்பதுபோல் வெறுங்கையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார்.

"புள்ளியத் தொட்டா வலிக்குமா அண்ணாச்சி? பிள்ளைக்கு விக்கல் எதுக்கு வருது?" என்று கேட்டார்.

"தெரியலியே. டாக்டர்ட்டதான் போறோம்" என்றேன்.

அந்நேரம் மகள் அவர் சட்டையில் கக்கிவிட்டாள். நான் துடைக்கப் போனேன். அவர் விடவில்லை.

"இருக்கட்டும். எம்புள்ளைக மூணும் பொறக்கையில நான் அங்கன துபாய்ல. எல்லாம் போனுக்குள்ளதான் கக்குச்சுவ."

"அப்ப மோந்து பாருங்க அண்ணாச்சி" என்று மனைவி சிரித்தாள்.

குனிந்து மோந்தார். "தயிர் வாடைல்லா அடிக்குது!" என்றார், அதிசயமாக.

தென்காசியில் டாக்டர் பிள்ளையை நன்றாகப் பார்த்துவிட்டு, "ரெண்டும் பொறந்த பிள்ளைக்கு வாறதுதான். புள்ளி தானா மறைஞ்சிரும். பால் குடிச்சதும் முதுகத் தட்டிக் குடுங்க" என்றார். எங்கள் பயம் தீர்ந்தது.

ஆனால் அந்த மனிதர், அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும், பஸ் ஸ்டாண்டுக் குழாயடியைத் தாண்டி, கறையைக் கழுவாமலே போனார். கல்யாண வீட்டில் கறையைப் பற்றிக் கேட்டவர்களிடம் என்ன சொல்லியிருப்பார்?