வயிற்றில் ஒன்பது கட்டம்

என் வயிற்றில் அத்தை பேனாவால் கோடு போடத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயசு. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. தேனியில் நர்சிங் முதல் வருசம். அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். அவள் படித்த பாடத்துக்கு ஒரு உடம்பு வேண்டியிருந்தது. வீட்டில் சும்மா கிடந்த உடம்பு என்னுடையதுதான்.

முதலில் நிற்கச் சொல்லிக்கொடுத்தாள். நேராக நிற்க வேண்டும், நேரே பார்க்க வேண்டும், இரண்டு உள்ளங்கையும் முன்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எந்த டாக்டர் உடம்பைப் பற்றிப் பேசினாலும் அது இப்படித்தான் நிற்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பேசுவாராம். நான் அப்படி நின்றதைப் பார்த்த அம்மா, "இவ ஏன் எல்லாத்தையும் பறிகுடுத்தவ மாதிரி கைய விரிச்சுக்கிட்டு நிக்கிறா?" என்று பதறிப்போனாள்.

பிறகு திசைகள். முன்பக்கம் ஆன்டீரியர், முதுகுப்பக்கம் போஸ்டீரியர். தோளுக்குக் கிட்ட இருந்தால் ப்ராக்ஸிமல், தள்ளி இருந்தால் டிஸ்டல். கடைசி இரண்டும் என் மண்டையில் ஏறவே இல்லை. அத்தை என் கையையே பஸ் ரூட்டாக்கிவிட்டாள். தோள்பட்டை கம்பம், முழங்கை உத்தமபாளையம், மணிக்கட்டு சின்னமனூர், விரல் நுனி தேனி. கம்பத்தில் ஏறினால் முதலில் வருகிற உத்தமபாளையம் ப்ராக்ஸிமல், அதைத் தாண்டி வருகிற சின்னமனூர் டிஸ்டல். ப்பூ, இவ்வளவுதானா என்றேன். மறுநாள் வகுப்பில், பின்னால் இருந்தவள் என்னைப் போஸ்டீரியரில் கிள்ளிவிட்டாள் என்று புகார் செய்து, அதற்காக நான் முட்டி போட்டேன்.

அப்புறம் அறைகள். நெஞ்சுக்குள் ஓர் அறை, வயிற்றுக்குள் ஓர் அறை, இரண்டுக்கும் நடுவில் தடுப்பு மாதிரி ஒரு தசை. மண்டைக்குள்ளும் ஓர் அறை உண்டு. என்னுடையது காலியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தவளும் அத்தைதான்.

ஆனால் அவளுக்குப் பிடித்தது வயிறு. நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு, ஆக ஒன்பது கட்டம். நடுக்கட்டம் தொப்புளுக்கு. கீழ் மூலையில் ஒரு கட்டத்துக்குள் அப்பெண்டிக்ஸ் என்று ஒரு குட்டி வால் ஒளிந்திருக்கிறது, அது வீங்கினால் வேறு பேச்சே கிடையாது, ஆஸ்பத்திரிதான் என்றாள். புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினாள். அந்தக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு மை. "நமக்கு இடது பக்கமாத்தான் தெரியும். ஆனா படத்துல இருக்குற ஆள் நம்மளப் பாத்துல்ல நிக்கிறாரு? அவருக்கு அது வலது. பேஷண்டோட வலதுதான் எப்பவும் வலது, தெரிஞ்சுக்க" என்றாள். நான் அப்போது சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருசம்தான் பெரியப்பா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குக் கம்பத்தில் வாழைக்காய் மண்டி. அவர்கள் போட்டது ஒரே நிபந்தனை: நிச்சயம் ஆன அன்றைக்கே பெண் காலேஜை நிறுத்திவிட வேண்டும். "படிப்ப மட்டும் முடிச்சுக்கிறேண்ணே" என்று அத்தை அப்பாவிடம் கெஞ்சினாள். அப்பா கொடுமைக்காரர் இல்லை. அண்ணன் பேச்சைத் தட்டத் தெரியாதவர், அவ்வளவுதான். "வந்து பாத்துட்டுப் போகட்டும்மா" என்றார். பார்த்தால் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அத்தை அவ்வளவு அழகு. இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நானோ, கல்யாணம் என்றால் பட்டுப்பாவாடை எடுப்பார்கள் என்று வீடு முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என் காதை நானே திருகிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் வருவதாக ஏற்பாடு. அன்றைக்குத்தான் எனக்குக் கணக்குப் பரீட்சை. அடுப்படியில் அம்மா முந்திரி போட்டுக் கேசரி கிண்டுகிறாள், என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு என்கிறாள். இது எந்த ஊர் நியாயம்? அத்தையின் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தேன். சிவப்புக் கட்டம் இடது பக்கம் கீழே இருந்தது. என் இடது அடிவயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து, "ஆத்தா, செத்தேன்!" என்று அலறினேன்.

முதலில் ஓடிவந்தவள் அத்தைதான். குனிந்து என் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். திரும்பி, கட்டிலில் எடுத்து வைத்திருந்த பட்டுச்சேலையைப் பார்த்தாள். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று என் கையைத் தூக்கி வயிற்றின் மறுபக்கம் வைத்து அழுத்திக்கொண்டு, "அண்ணே, வலது பக்கம் அடிவயிறு! அப்பெண்டிக்ஸா இருந்தாலும் இருக்கும், ஒடனே காட்டணும்" என்றாள்.

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார். "வர்றவகள வாங்கன்னு சொல்ல வீட்டுல ஆள் வேணாமாண்ணே? டாக்டர் கேக்குறதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அரை மணி நேரத்துல வந்துருவோம்" என்று சொல்லிக்கொண்டே காலேஜ் பையை மாட்டி, என்னையும் அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

உத்தமபாளையத்தில் ஒரு டாக்டரம்மா என் வயிற்றை அழுத்தினார். எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றுமில்லை, கூட்டிப்போகலாம் என்றார். அத்தை கையைப் பிசைந்தாள். "மேடம், வலி இடம் மாறும்னு பாடத்துல இருக்கு. எதுக்கும் சாயங்காலம் வரைக்கும் இங்கனயே இருந்து பாத்துட்டுப் போறோமே" என்றாள். டாக்டரம்மா அவளை ஒரு நிமிசம் உற்றுப் பார்த்தார். பிறகு, "சரி, இருங்க. அதுவரைக்கும் புள்ளைக்குச் சாப்பிட ஒண்ணும் குடுக்காதீங்க" என்றார். என் தலையில் இடி விழுந்தது. வராந்தா பெஞ்சில் நான் கேசரியை நினைத்து நிஜமாகவே அழுதேன். அத்தை பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா போன் பண்ணும்போதெல்லாம், "சாயங்காலந்தான் விடுவாகளாம்ணே" என்றாள்.

நாலு மணிக்கு வந்த போனில் அப்பாவின் குரல் எனக்கே கேட்டது. வந்தவர்கள் ராகுகாலம் முடிந்தும் மூன்று மணி வரை காத்திருந்து, ஆளுக்கு இரண்டு தட்டுக் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, சகுனம் சரியில்லை, வேற இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று போய்விட்டார்களாம். "சரிண்ணே" என்றாள் அத்தை. போனை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்புறம் சிரித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்யாணம் நின்றுபோன வருத்தத்தில் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் தேங்காய் பன் வாங்கித் தந்தாள், எனக்கே எனக்கு, முழுசாக ஒன்று. பஸ் கிளம்பியதும் என் வலது அடிவயிற்றை விரலால் தொட்டு, காதோரம் குனிந்து, "ஏ குட்டி, இனிமே வலிச்சா இந்தப் பக்கம் வலிக்கணும்" என்றாள்.

பாவமாக இருந்தது எனக்கு. காலையிலும் என் கையைத் தப்பான இடத்தில் எடுத்து வைத்தவள், இத்தனை நேரம் நோட்டைப் படித்த பிறகும் தப்பான பக்கத்தையே தொடுகிறாளே! இடது வலதுகூடத் தெரியாதவள் எப்படிப் பரீட்சை எழுதப்போகிறாள்? அத்தை பாஸாக வேண்டும் என்று அந்த பஸ்ஸிலேயே பிள்ளையாருக்கு ஒரு சிதறுதேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அத்தை பாஸானாள். அந்தத் தேங்காயால்தான் என்று நான் ரொம்ப வருசம் நம்பிக்கொண்டிருந்தேன்.