கரிமூட்டக்காரர்களின் சம்மதம்

எம்.ரெட்டியபட்டியில் ஹெப்சிபாவை "வெளிநாட்டுக்காரவுகளுக்குப் பேசிக் குடுக்குற பிள்ளை" என்பார்கள். கண்மாயில் ஏன் தண்ணீர் நிற்பதில்லை என்று பார்க்க ஜெர்மனி, கென்யா, சென்னையிலிருந்து ஆய்வாளர்கள் வந்திருந்தார்கள். மண்ணுக்கு ஒருவர், நீருக்கு ஒருவர், மக்களுக்கு ஒருவர். ஒருவர் சொல்வது இன்னொருவருக்கே பிடிபடாது. ஊர்க்காரர்களும் இதில் பங்காளிகள்தான் என்றார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் நின்றவள் ஹெப்சிபா.

கண்மாயை அடைத்திருந்த சீமைக்கருவேலத்தை அழித்தே ஆகவேண்டும் என்று நிலக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைத்தவர்கள் கூட்டத்தின் கடைசியில் இருந்தார்கள். வேரோடு எடுக்கச் சம்மதமா என்று கேட்டபோது அவர்களில் வெள்ளத்துரை எழுந்து, "பாப்போம்" என்றான்.

ஹெப்சிபா அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, இங்கே மாட்டேன் என்பதை மரியாதையாக இப்படித்தான் சொல்வார்கள் என்றும் சேர்த்தாள். கென்யாக்காரர், தன் ஊரிலும் அப்படித்தான், இன்னும் பேசிப் பார்க்கலாம் என்றார். வருஷக் கடைசிக்குள் வேலை நடக்காவிட்டால் திட்டமே நின்றுவிடும் என்றார் ஜெர்மனிக்கார அம்மா. "எதிர்க்கலையே, அது போதும்" என்று முடித்துவிட்டார் சென்னைக்காரர்.

பொக்லைன் வந்தது. கண்மாய் மொட்டையானது. அந்த வருஷம் மழையும் பொய்த்தது. தண்ணீரும் இல்லை, கரியும் இல்லை. வெள்ளத்துரையின் பெண்டாட்டி தங்கச்செல்வி சாத்தூர்ப் பக்கம் பட்டாசு வேலைக்குப் பஸ் ஏறினாள். மாசியில் அங்கே மருந்து வெடித்தது. மதுரை ஆஸ்பத்திரியில் அவள் உயிர் போனது.

துக்கத்துக்குப் போன ஹெப்சிபாவை வெள்ளத்துரை நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்தபடியே கேட்டான்.

"நான் சொன்னத அவுககிட்ட என்னன்னு சொன்ன தாயி?"

"வேண்டாம்ங்கிறாகன்னுதான் சொன்னேண்ணே."

"பெறகு?"

அவள் சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அடுத்த இணையக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். கென்யாக்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஜெர்மனிக்கார அம்மா அழுதுவிட்டார். பிறகு சென்னைக்காரர், இந்தச் சாவை அறிக்கையில் யாருடைய பகுதியில் சேர்ப்பது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தன்னுடையதில் என்று ஒருவரும் சொல்லவில்லை. அறிக்கை தங்கச்செல்வி இல்லாமலே வந்தது.

வெள்ளத்துரை பிள்ளைகளோடு திருப்பூர் போய்விட்டான். ஹெப்சிபா வேலையை விட்டு, பாளையம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். போன மாதம் வேறொரு ஆய்வுக்குப் பேசிக் கொடுக்க ஆள் கேட்டு வந்தார்கள். தனக்கு இங்கிலீஷ் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.